கவின் கலை முடித்த பெண் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமே இருந்து தொழிலாக நிற்க முடியுமா?

கேள்வி: குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் பி.எஃப்.ஏ. முடித்திருக்கிறேன். வீடு பாபநாசம் பக்கம். சென்னைக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லை, எனக்கும் இங்கேயே இருந்து செய்யத்தான் ஆசை.

இப்போதைக்கு மூன்று வழி தெரிகிறது. ஒன்று, தஞ்சாவூர் ஓவியப் பட்டறை வேலை. பலகையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், கல் ஒட்டுவதும் மக்கு வேலையும் (சாக் பவுடரும் பசையும் கலந்த விழுதால் மேடு எழுப்புவது) மட்டும் நம்முடையது, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். இரண்டு, கும்பகோணம் கடைகளுக்கு லோகோ, பெட்டி, பை டிசைன். கேட்டு வருகிறார்கள், ஆனால் "ஒரு லோகோதானே, போட்டுக் கொடும்மா" என்ற அளவில்தான் பேச்சு இருக்கிறது. மூன்று, சொந்தமாகக் கேன்வாஸ் செய்து கண்காட்சிக்குப் போவது.

எதை முதலில் பிடிப்பது? விலை எப்படிப் போடுவது? பதிவு, ஜி.எஸ்.டி. என்றெல்லாம் சொல்கிறார்களே, எது கட்டாயம்? கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் இதெல்லாம் என்ன ஆகும்? தைரியம் சொல்வதைவிடக் கணக்காகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பலகைப்படம்:

தங்கச்சி, பட்டறை வேலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காகப் போகிறாய், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள். தஞ்சாவூர்ப் படத்தில் நேரத்தைத் தின்பது கல்லும் மக்கும்தான். அதை வீட்டிலிருந்து செய்வது பெரும்பாலும் பெண்கள். படம் விற்கும்போது அவர்கள் பெயர் எங்கேயும் வராது, வாங்குபவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. பீஸ் ரேட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் வாடிக்கையாளர் பட்டறைக்காரருக்குத்தான் சேருவார். கை பழகும்வரை செய். அதற்குள் மற்ற வேலைகளையும், அதாவது கிரவுண்டு என்ற அடிப்பூச்சு போடுவது, ரேக்கு என்ற தங்கத் தாள் ஒட்டுவது, முகம் தீட்டுவது மூன்றையும், உன் செலவில் சின்னப் பலகைகளில் பழகிவிடு. 8க்கு 10 அங்குலம் போதும்.

பலகைக்கு 9 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் எடு, 18க்கு 24க்கு மேல் போனால் 12 மி.மீ. சாதாரண கமர்ஷியல் ப்ளை நம் ஊர் மழைக்கு வளைந்துவிடும். முன்பக்கம் மட்டும் துணியும் கிரவுண்டும் ஏறுவதால் காயும்போது அந்தப் பக்கம் இழுக்கும். பின்பக்கத்துக்கும் ஒரு கோட் பசையோ பிரைமரோ கொடுத்தால் இழுப்பு சமமாகும். மேலே கஞ்சி போக அலசிய காடாத் துணியை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். பிறகு சாக் பவுடரும் பசையும் கலந்து மெல்லிசாக மூன்று நான்கு கோட். ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் உப்புத்தாள் போட்டு, விரலில் துணி இழை தட்டாத அளவுக்கு வழவழப்பாக்கு.

மக்குதான் பலரையும் கைவிடும். பசை கூடினால் காயும்போது சுருங்கி, தலைமுடி மாதிரி விரிசல் ஓடும். பசை குறைந்தால் பொடியாக உதிரும், மேலே ஒட்டிய ரேக்கும் கூடவே வரும். ஒரே தடவையில் உயரம் ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று அடுக்காக ஏற்று. வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அதுவும் விரிசல்தான். நிழலில் காயட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காயும் நேரம் இரட்டிப்பாகும், அந்த மாதங்களில் டெலிவரி தேதி சொல்லும்போது அதைச் சேர்த்துச் சொல். புளியங்கொட்டைப் பசை போடுகிறவர்கள் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறதா என்று பலகையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ரேக்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. அசல் 22 காரட் ரேக்கு கறுக்காது. தங்க நிறத்தில் மலிவாக வருவது, கில்ட் என்பது, பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு. சில வருடத்தில் பழுப்பாகும், மடிப்பில் பச்சை ஏறும், நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம். பட்ஜெட் இல்லாதவருக்குக் கில்ட் போட்டுக் கொடுப்பது தப்பில்லை, பில்லில் கில்ட் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ரேக்கு வாங்கிய ரசீதை எடுத்து வை. ஒட்டும்போது மக்கு மேட்டின் விளிம்பிலேயே வெட்டாதே, சுற்றி ஒரு நூல் இடம் விட்டு வெட்டி, மழுங்கிய குச்சியால் பள்ளத்துக்குள் இறக்கு. விளிம்பில் வெட்டினால் அங்கேதான் முதலில் உரியும்.

இப்போது விலை. எடுத்துக்காட்டுக்கு 12க்கு 15 படம் ஒன்று எடுத்துக்கொள்வோம், தொகைகளை உன் ஊர் விலைக்கு மாற்றிக்கொள். பலகை தயாரிக்க 4 மணி, வரைய 4, கல்லும் மக்கும் 14, ரேக்கு 6, வண்ணம் 22, கோடு, துப்புரவு 6. மொத்தம் 56 மணி. மணிக்கு 125 ரூபாய் என்றால் 7,000. ரேக்கு, கல், பலகை, வண்ணம் எல்லாம் 4,500. சேதாரம் அதில் பத்து சதவீதம், 450. கரண்ட், போன், பஸ் 1,050. கண்ணாடியோடு சட்டம் 2,000. இதுவரை 15,000, இது வெறும் அடக்கம். லாபம் 3,000 வைத்தால் 18,000.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குவது. கடைக்காரர் 35 சதவீதம் கமிஷன் கேட்டால், 18,000-க்கு மேல் 35 சதவீதம் ஏற்றி 24,300 என்று போடுகிறார்கள். கடை எடுப்பது விற்ற விலையில் 35. அது 8,505. கைக்கு வருவது 15,795, லாபம் கிட்டத்தட்ட காலி. 18,000-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும். 27,700 சுமார். அதே 27,700-ஐத்தான் வீட்டுக்கு வந்து கேட்பவருக்கும் சொல்ல வேண்டும். நேரில் வந்தால் குறைத்துக் கொடுக்கிறாள் என்று தெரிந்தால் எந்தக் கடையும் அடுத்த படம் எடுக்காது.

பலகையின் பின்னால் உன் பெயர், ஊர், மாதம், வருடம், ரேக்கு என்ன காரட், வரிசை எண் எல்லாம் எழுதிப் போட்டோ எடுத்துக்கொள். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பதிவகம் சென்னை கிண்டியில். அந்தக் குறியீட்டு முத்திரையை நினைத்தபடி ஒட்டிக்கொள்ள முடியாது, 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று உன் பெயரில் தனியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும். பட்டறையின் பதிவு உனக்குச் செல்லாது.

எழுத்தும்_மையும்:

இரண்டாவது வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாதாமாதம் காசு வர வேண்டுமென்றால் டெல்டாவில் பேக்கேஜிங்தான் நம்பிக்கையான வேலை. காபித்தூள், பட்டு, வெற்றிலைப்பாக்கு, பலகாரம், அரிசி, ஊதுவத்தி என எல்லாவற்றுக்கும் பெட்டியோ பையோ லேபிளோ தேவைப்படுகிறது. "லோகோதானே" என்று பேசுகிறவரிடம் லோகோ விற்க வேண்டாம். அச்சில் தப்பு வராத பெட்டி விற்கிறேன் என்று பேசுங்கள். பத்தாயிரம் பெட்டி அடித்து வந்தபிறகு ஒரு வரி குறைந்தால் என்ன நஷ்டம் என்று கடைக்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

காபித்தூள் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பவர் பெயர், முழு முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகாருக்குத் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிப்படி இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணும் சைவம் என்பதற்கான பச்சைக் குறியும் வேண்டும். சிக்கரி கலந்திருந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டே ஆக வேண்டும். கும்பகோணம் டிகிரி காபி என்று பெரிதாக எழுதி இந்த வரியை மடிப்புக்குள் ஒளிக்கும் டிசைன்கள் நிறைய வருகின்றன. அப்படிச் செய்து கொடுக்காதீர்கள், சிக்கல் வரும்போது டிசைன் போட்டவர் தலையில்தான் விழும். பட்டுப் பெட்டியில் அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரையையும் திருபுவனம் பட்டின் புவிசார் குறியீட்டையும் கடைக்காரர் போடச் சொல்வார். அனுமதிச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிக் கொண்டுதான் போட வேண்டும்.

இனி தமிழ் எழுத்து. கல்லூரியில் இதற்குப் போதுமான நேரம் கிடைப்பதில்லை, அச்சகத்தில்தான் அடி விழுகிறது. நம் பக்கம் நிறைய அச்சகங்களில் இன்றும் பழைய கோரல் டிராவும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்களும்தான். நீங்கள் யூனிகோடில் அடித்து ஃபைலை அப்படியே அனுப்பினால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கதி. அனுப்பும் பிரதியில் எழுத்து எல்லாவற்றையும் கர்வ்ஸ் ஆக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள். திருத்தக்கூடிய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் ஆக்கிய பிறகு இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ண, ஜ, ஷ, ஞ போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக வரும்போது 6 பாயின்டுக்குக் கீழே போனால் மை கசிந்து சுழி அடைத்துக்கொள்ளும். 8-க்குக் குறையாமல், கொஞ்சம் தடித்த எழுத்துருவில் வையுங்கள். சிறு எழுத்துக்கு நான்கு மை கலந்த கறுப்பு வேண்டாம், கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். நான்கு தட்டும் மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டி விடும் நிறம்), படங்கள் அச்சு அளவில் 300 டி.பி.ஐ., நிறம் அச்சு மை நான்குக்கான சி.எம்.ஒய்.கே. கடைக்காரர் "தங்கக் கலர்" கேட்பார். மஞ்சளும் சிவப்பும் கலந்தால் கடுகு நிறம்தான் வரும். தங்கம் வேண்டுமென்றால் ஃபாயில் அச்சு, அதற்குத் தனி டை, தனிச் செலவு. கோடு 0.3 மி.மீ.க்கு மெல்லிசாக இருந்தால் ஃபாயில் விட்டு விட்டுப் பிடிக்கும். இதை டிசைன் காட்டும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணம் வாங்கும் முறை: பாதி முன்பணம், மீதி முடிந்த ஃபைல் கொடுக்கும் முன். மூன்று ஐடியா, இரண்டு தடவைத் திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இவ்வளவு என்று முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே எழுதுங்கள். பணம் வரும்வரை சிறிய அளவில், குறுக்கே பெயர் போட்ட படம் மட்டும் அனுப்புங்கள். "என் தம்பி பையன் கம்ப்யூட்டர்ல போட்டுடுவான்" என்றால் தாராளமாகப் போடட்டும், நீங்கள் விலையைக் குறைக்க வேண்டாம். குறைக்கத்தான் வேண்டும் என்றால் வேலையைக் குறையுங்கள், மூன்று ஐடியாவுக்கு ஒன்று கொடுங்கள்.

தாராசுரம் கோயில் தூண் கோலங்களையும் யாளிகளையும் வரைந்து பேட்டர்னாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், பட்டுப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் இன்னொருவர் எடுத்த போட்டோவை டிரேஸ் செய்தால் அது வேறு விஷயம். உட்கார்ந்து பென்சிலால் வரைய யாரும் தடுக்க மாட்டார்கள், டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.

குடமுருட்டிக்கரை:

கமிஷன் கணக்கு எனக்குச் சுத்தமாகத் தெரியாமல் இருந்தது, நன்றி அக்கா. ஒரு சந்தேகம். வீட்டில் "பில், வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பேரிலேயே இருக்கட்டும், உனக்கெதுக்கு அலைச்சல்" என்கிறார்கள். அப்படி வைத்தால் என்ன குறை?

வரவுசெலவு:

அப்பா பெயரில் வைக்காதீங்கம்மா. வருமானம் அவர் கணக்கில் விழுந்தால் அது அவர் வருமானம். நாளைக்கு நீங்கள் கடன் கேட்டுப் போனால் வங்கியில் காட்ட உங்களிடம் ஒரு வரி இருக்காது. பெண் தொழில்முனைவோர் மானியம் எதுவும் உங்களுக்கு வராது. பான், தனி வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) மூன்றும் உங்கள் பெயரில் இருக்கட்டும். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், கட்டணமே கிடையாது, ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதும் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு தொழில் சட்டம் 2006-இன்படி, உங்கள் வேலையைப் பெற்றுக்கொண்ட கடைக்காரர் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்க முடியும். குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் இணையத் தளத்தில் புகார் பதியலாம். எல்லா நேரமும் புகார் வரை போக வேண்டியதில்லை, பில்லின் அடியில் இந்த ஒரு வரி இருந்தாலே பெரிய கடைகளின் கணக்குப் பிரிவு தள்ளிப்போடாது. குறு நிறுவனத்துக்குக் காலத்தில் தராத தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் வருமான வரியில் காட்ட முடியாமல் போகும், அதனால்.

ஜி.எஸ்.டி. பற்றி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. டிசைன் என்பது சேவை, அதற்கு 20 லட்சம். இரண்டும் செய்கிறீர்கள் என்றால் 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஆனால் கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் ஓவியம் பெயர் சொல்லியே இருக்கிறது. விலக்கில் அனுப்பும்போது பான் வேண்டும், பெட்டி எவ்வளவு மலிவானாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு) எடுக்க வேண்டும். சாதாரண 50,000 ரூபாய் வரம்பு இங்கே பொருந்தாது. இது தெரியாமல் கூரியரில் போட்டுப் பாதி வழியில் பெட்டி நின்றுவிடுவது நடக்கிறது. அமேசான் போன்ற தளத்தில் பதிவில்லாமல் விற்பதானால் ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்க்கை எண் எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான்.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், கைவினைச் சந்தைகளில் கடை ஒதுக்க அதைத்தான் கேட்பார்கள். கைவினைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பி.எம். விஸ்வகர்மா என்று யாராவது சொன்னால் அலைய வேண்டாம். அதிலுள்ள 18 தொழில்களில் சிற்பி இருக்கிறார், பொம்மை செய்பவர் இருக்கிறார், ஓவியர் இல்லை. கடன் வேண்டுமானால் முத்ரா என்ற அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவு, 50,000 வரை. ஆர்டர் கையில் வந்தபிறகு எடுங்கள். ரேக்கும் கல்லும் மொத்தமாக வாங்கி வைக்கக் கடன் எடுத்தால் வட்டிதான் மிஞ்சும்.

காப்புரிமையில் ஒரு பொறி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு நீங்கள் வரையும் ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான். அதே படத்தை நீங்கள் பிரின்ட் போட்டு விற்க முடியாமல் போகலாம். 'அசல் படம் வாங்குபவருக்கு, பிரதி எடுக்கும் உரிமை ஓவியருக்கு' என்று ஆர்டர் ரசீதிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. டிசைன் வேலையில் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம், எல்லை இரண்டும் குறிக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முழு உரிமையும் கேட்டால் முழு விலை சொல்லுங்கள்.

ஈரச்சுவர்:

மூன்றாவது வழியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். சொந்தக் கேன்வாஸ் முதல் இரண்டு வருடம் சோறு போடாது, உண்மைதான். அதற்காக நிறுத்திவிட்டால் பிறகு திரும்ப வருவது கஷ்டம். வாரத்தில் இரண்டு முழு நாளை அதற்கென்று பூட்டி வையுங்கள், ஆர்டர் வந்தாலும் அந்த நாள் கிடையாது. உதிரியாக முப்பது படத்தைவிட, ஒரே விஷயத்தைச் சுற்றி 10, 12 படம் கொண்ட ஒரு தொடர் மேல். கண்காட்சித் தேர்வுக் குழு முதலில் தேடுவது அதைத்தான். படங்களை வெளிச்சமான, வெயில் நேரடியாகப் படாத இடத்தில், கண்ணாடி போடும் முன் போட்டோ எடுங்கள். தலைப்பு, அளவு செ.மீ.யில், ஊடகம், வருடம் நான்கும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும். லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சி, தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் அறிவிப்புகள் இரண்டையும் தவறாமல் பாருங்கள். கற்பிக்கும் வேலை வேண்டுமென்றால் முதுநிலையான எம்.எஃப்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் காட்சிக் கலை எழுதலாம், பாட எண் 79. பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் எங்கே விண்ணப்பித்தாலும் போர்ட்ஃபோலியோதான் பேசும்.

சுவர் ஓவிய ஆர்டர் இப்போது நிறைய வருகிறது, பள்ளி, ஓட்டல், மண்டபம் என்று. சதுர அடி ரேட் பேசும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்புக் காரம் நிறத்தைத் தின்றுவிடும். வாய்க்கால் ஓரக் கட்டடங்களில் கீழே இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் என்ன பிரைமர் போட்டாலும் ஒரு மழைக்காலத்தில் தோலாக உரியும். கசிவை நிறுத்துவது கட்டடக்காரர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். சாரம், ஏணி, கழிப்பறை வசதி, ஓர் உதவியாள், மாலை ஆறு மணிக்குமேல் வேலையில்லை என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும். பெண்கள் இதைக் கேட்கக் கூசுகிறார்கள். கேட்டு எழுதினால் யாரும் மறுப்பதில்லை, கேட்காமல் போனால் அங்கே போய் நின்றுகொண்டு கஷ்டப்பட வேண்டும்.

உடம்பையும் பாருங்கள். சாக் கிரவுண்டைத் தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குள் போகும். என்95 முகக்கவசம், ஈரத் துணி, வாசலில் உட்கார்ந்து தேய்ப்பது, இவை கட்டாயம். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கத்தை விடுங்கள். காட்மியம் கலந்த மஞ்சளும் சிவப்பும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. டர்பன்டைன் மூடிய அறையில் வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஆயிலையும் தின்னரையும் ஒதுக்கிவிட்டு நீர் வண்ணத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

கல்யாணம் பற்றிக் கேட்டீர்கள், யாரும் பதில் சொல்லவில்லை. ஊர் மாறினால் போய்விடுவது கடை வாசல் வாடிக்கையாளர் மட்டும்தான். ஆகவே முதல் நாளிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை ஒரு நோட்டிலும் ஒரு ஷீட்டிலும் வைத்திருங்கள்: பெயர், எண், எப்போது என்ன வாங்கினார், கிரகப்பிரவேசமா, கல்யாணப் பரிசா என்பது வரை. தொழில் எண் தனி சிம்மில். தொழில் பெயரை ஊர்ப் பெயரோடு ஒட்டாதீர்கள், இனிஷியலோடும் வேண்டாம். படத்தில் போடும் கையெழுத்து எந்த வீட்டுக்குப் போனாலும் மாறாததாக இருக்கட்டும். உத்யமில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், எண் அதேதான். ஜாதகம் பார்க்கும் கட்டத்திலேயே "வேலைக்கு வெளிச்சமுள்ள ஓர் அறை, வாரத்துக்கு இத்தனை மணி நேரம்" என்று வெளிப்படையாகப் பேசச் சொல்லுங்கள். "படம் போடுவாள்" என்று மட்டும் சொன்னால் அது ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத்தான் மாமியார் வீட்டுக்குக் கேட்கும்.

குடமுருட்டிக்கரை:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். பட்டறை வேலை ஆறு மாதம், அதே சமயம் ஒரு காபித்தூள் கடைக்கு லேபிள் என்று ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒன்று: பெங்களூருக்கு ஒரு 10க்கு 12 படம் அனுப்ப வேண்டியிருக்கிறது. கண்ணாடியோடு அனுப்பலாமா?

பலகைப்படம்:

கண்ணாடி வேண்டாம், 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் போடு. கல்லில் ஷீட் தொடக் கூடாது, சட்டத்துக்குள் சுற்றிலும் அரை அங்குல உயரத்துக்கு மரப்பட்டி வைத்துத் தூக்கு. தொட்டால் வண்டிக் குலுக்கலில் ரேக்கு தேய்ந்து கல் உதிரும். வண்ணம் முடிந்து குறைந்தது ஒரு வாரம் காய்ந்த பிறகே மூடு, ஈரத்தோடு மூடினால் உள்ளே வேர்க்கும். நான்கு மூலைக்கும் தெர்மோகோல், மேலே இரண்டு சுற்று பபிள் ஷீட், அதைச் சுற்றி இரண்டு அங்குல இடைவெளி உள்ள ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. இடைவெளியைக் கசக்கிய தாளால் நிரப்பி, குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. வைக்கோல் வேண்டாம், ஈரம் இழுக்கும், பூச்சியும் வரும். பெட்டிக்குள் ஒரு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடு. அட்டைப்பெட்டியை மூடும்வரை வீடியோ எடுத்து வைத்துக்கொள், உடைந்தால் கூரியரிடம் காட்ட வேறு சாட்சி கிடையாது. வரவுசெலவு அண்ணன் சொன்ன இ-வே பில்லை எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்குப் போ.